பாலாற்றங்கரையில் ஒரு நாள் நடை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் எங்க வீட்டுக்காரரும் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் ஓய்வு பெற்று ஐந்தாறு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், விரிஞ்சிபுரத்தில் கிளம்பி பள்ளிகொண்டா வரைக்கும் பாலாற்றங்கரை ஓரமாகவே நடந்தோம். அதற்குப் பிறகு அதே வழியில் இன்னும் மூன்று முறை போய்விட்டோம். கூட வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள், காலையில் பூங்காவில் நடக்க வருபவர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதாவது கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தண்ணியே இல்லாத ஆத்துல என்ன பார்க்கப் போறீங்க?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். வேலூரைப் பற்றி எல்லோரும் சொல்வார்களே, "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு" என்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் இன்னும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கி.மீ., ஆந்திராவில் 33 கி.மீ., நம் தமிழ்நாட்டில் 222 கி.மீ. என்று மொத்தம் 348 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. மேலே கர்நாடகத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, ஆந்திராவின் தடுப்பணைகளையும் தாண்டினால்தான் வாணியம்பாடிப் பக்கம் புல்லூர் வழியாக நமக்கு வெள்ளம் வரும். அது எல்லா வருடமும் நடப்பதில்லை. ஆனால் மேலே தெரியவில்லை என்பதற்காகத் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த ஆற்றின் தண்ணீர் மணலுக்குள் இருக்கிறது.

முதல் முறை போனபோது இதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு வளைவில் மணல் கொஞ்சம் கருத்து, ஈரமாக இருந்தது. எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் பக்கத்து மணல் சரிந்து சரிந்து உள்ளே விழுந்தது. அப்புறம் அடியில் ஒரு பளபளப்பு. முதலில் சேறாகக் கலங்கி இருந்தது. கையை எடுத்துவிட்டு ஒரு ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். மண் அடங்கி, ஒரு சின்னக் கிண்ணம் அளவு தெளிந்த தண்ணீர் நின்றது. விளிம்பில் மணல் ஒவ்வொரு துகளாக நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நிலத்தடி நீரைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கேயோ மலையடிவாரத்தில் பெய்த மழை இந்த மணலுக்குள் மெல்ல நடந்து என் காலடிக்கு வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது.

வடாற்காட்டில் இந்த ஊற்றை நம்பித்தான் அந்தக் காலத்தில் விவசாயம் நடந்தது. ஆற்று மணலில் நீளமாகக் கால் வெட்டி, ஊற்றுத் தண்ணீரை அப்படியே வயலுக்குக் கொண்டு போவார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். இன்றைக்கும் ஆற்றுக்குள் ஆங்காங்கே வட்டமாகப் பெரிய சிமென்ட் கிணறுகள் நிற்பதைப் பார்க்கலாம். கரையோர ஊர்களின் குடிதண்ணீர்க் கிணறுகள் அவை. மணலை அள்ளிவிட்டால் தண்ணீர் தங்க இடம் ஏது? நடந்து பார்த்தால் இது யாரும் சொல்லாமலே புரியும்.

எவ்வளவு தூரம்? பாதை இருக்கிறதா?

ஏறக்குறைய 10 கி.மீ. ஒரே பாதை என்று கிடையாது. கொஞ்ச தூரம் மாட்டுவண்டித் தடம், கொஞ்ச தூரம் தென்னந்தோப்பு ஓரம், கொஞ்ச தூரம் வரப்பு, வேறு வழி இல்லாத இடத்தில் ஆற்று மணல். இரண்டு ஊரும் ஆற்றுக்குத் தென்கரையில்தான் இருக்கின்றன. அதனால் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. விரிஞ்சிபுரத்தில் இருந்து மேற்கே நடந்தால் ஆறு வலது கைப் பக்கம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இடது கைப் பக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் வழி தப்பாது. தோப்புக்குள் போகும்போது அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். எங்களை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு இடத்தில் இளநீர் வெட்டிக் கொடுத்து, காசு வாங்கவும் மறுத்துவிட்டார்கள்.

ஏன் விரிஞ்சிபுரத்தில் ஆரம்பிக்கிறீர்கள்?

அங்கே இருக்கிற சாமியின் பெயருக்காக. மார்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு வியாபாரி ஒருவர் கள்ளர் பயத்தில், வழித்துணையாக வரும்படி இந்த ஈசனிடம் வேண்டிக்கொண்டார், சாமியே கூட நடந்து வந்தார் என்று தலபுராணம் சொல்கிறது. அடையபாலத்து அப்பைய தீட்சிதர் இவர்மேல் மார்கபந்து ஸ்தோத்திரம் பாடியிருக்கிறார். வெளியூர் கிளம்புகிறவர்கள் இங்கே வேண்டிக்கொண்டு போவது இந்தப் பக்கத்து வழக்கம். நடந்தே போகப்போகிற நாங்கள் கும்பிடாமல் கிளம்ப முடியுமா?

"விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மதிலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், காலுக்கு நல்ல தயாரிப்பாக இருக்கும். உள்ளே சிங்க முகம் வைத்த சிம்ம தீர்த்தம் இருக்கிறது. கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரத்துணியோடு வந்து நிற்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் நடைக்குப் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது.

காலம் காட்டும் கல்லைக் கட்டாயம் பாருங்கள். அரைவட்டமாக வெட்டிய கல். அதில் கோடு கோடாகப் பிரித்து எண் போட்டிருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. எங்க வீட்டுக்காரர் துடைப்பக்குச்சி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, கிட்டத்தட்ட சரியா இருக்கே" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பேரனுக்கு பொம்மை கிடைத்த மாதிரி இருந்தது. வெயில் விழுந்த பிறகுதான் இதைப் பார்க்க முடியும், அதனால் தரிசனத்தை முடித்துவிட்டுக் கடைசியில் வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

மார்கழி பாதியில் இருந்து மாசி வரை. சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மணல் காலைப் பொசுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருந்தால் ஆற்றுப் பக்கமே போகக்கூடாது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

வீட்டில் இருந்து ஐந்தரைக்கு. ஆறரைக்குக் கோயில், ஏழேகால் வாக்கில் நடை ஆரம்பம். மேற்கே பார்த்து நடப்பதால் காலை வெயில் முதுகில்தான் விழும், கண் கூசாது. பதினொன்றரைக்குள் பள்ளிகொண்டா போய்விட வேண்டும். இளவயசுக்காரர்கள் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். நாங்கள் உட்கார்ந்து, பார்த்து, பேசிப் போக நாலு மணி நேரம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை போவதாக இருந்தால், வழியில் பொய்கை மாட்டுச்சந்தை. நெடுஞ்சாலையில் மாட்டு வண்டிகளும் லாரிகளும் நெரியும், பஸ் தாமதமாகும்.

முட்டி வலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. நடக்கலாமா?

எனக்கு முட்டி, அவருக்குச் சர்க்கரை. நாங்கள் நடக்கிறோம். ஆனால் எடுத்தவுடனே 10 கி.மீ. நடக்கவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் நடந்து, மெல்ல ஐந்து, ஆறு கி.மீ. வரை பழக்கப்படுத்திய பிறகுதான் போனோம். மணலில் நடப்பது தார் ரோட்டில் நடப்பது போல் இல்லை. கால் புதைந்து புதைந்து எழும், கெண்டைக்கால் இழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் கரை மேலேயே நடங்கள். கையில் ஒரு கழி இருக்கட்டும்.

சர்க்கரை விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது முறை போனபோது அவர் வழக்கம் போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவசரத்தில் ஒரே ஒரு இட்லி சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். ஒன்பது மணி இருக்கும். நான் ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்தக் குளிர் காற்றிலும் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கை நடுங்குகிறது. "என்னங்க, என்ன பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தென்னை மரத்தடியில் உட்கார வைத்து, பையில் இருந்த சர்க்கரையில் மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு வாழைப்பழமும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட வைத்தேன். அன்றைக்கு நடையை அங்கேயே முடித்துக்கொண்டு, நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் ஏறிவிட்டோம்.

இப்போது டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, நடக்கும் நாளில் மாத்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று தெரிந்துகொண்டுதான் போகிறோம். சர்க்கரைப் பொட்டலம் என் பையில் ஒன்று, அவர் சட்டைப் பையில் ஒன்று. உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். சர்க்கரைப் பையைச் சுமப்பவர் தூரமாக முன்னால் போய்விட்டால் என்ன பிரயோஜனம்?

ஒருத்தர் வேகமாக நடப்பார், ஒருத்தர் மெதுவாக நடப்பார். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். ஆரம்பத்தில் அவர் விறுவிறுவென்று போய், ஒரு மரத்தடியில் நின்று, நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று கிளம்பிவிடுவார். அவர் ஓய்வெடுத்தாகிவிட்டது, எனக்கு ஓய்வே கிடையாது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இதை நான் எடுத்துச் சொன்னது அந்த ஆற்றங்கரையில்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அன்றிலிருந்து பின்னால்தான் வருகிறார்.

செருப்பா, ஷூவா?

ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே வந்துவிடும். ஆற்றுக்குள் பாதிக்கு மேல் அந்த மரம்தான் மண்டிக் கிடக்கிறது. முள் எடுக்க ஒரு ஊசி அல்லது சாமணம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன?

கட்டுசோறுதான். புளிசோறு, தொட்டுக்கொள்ள வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) துவையல், தயிர்சாதம், மாவடு. வாழை இலையில் கட்டி, மேலே துணி சுற்றினால் மதியம் திறக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே நடக்கலாம். சீசன் இருந்தால் முதல் நாள் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வாங்கி, எண்ணெயில் வதக்கி எடுத்துப் போவேன். நம் வேலூர்க் காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பில் முள் குத்தும், ஆனால் அந்த ருசி வேறு கத்தரிக்காய்க்கு வராது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். அது போக ஒரு பாட்டில் உப்புப் போட்ட மோர். இலையை அங்கேயே போட்டால் மாடு தின்றுவிடும். பிளாஸ்டிக் எதுவாக இருந்தாலும் பையிலேயே திரும்பி வரட்டும்.

பெண்களுக்கு வழியில் கழிப்பிட வசதி உண்டா?

இல்லை. நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். வீட்டில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நடுவில் அவசரம் என்றால் மறைவுக்குத் தோப்புகள் இருக்கின்றன, ஒரு பழைய புடவையைப் பையில் வைத்துக்கொண்டால் கூட வருபவர் மறைத்துப் பிடிக்கலாம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் நடக்காதீர்கள். நிறையப் பெண்கள் அதைச் செய்துவிட்டு, சாயங்காலம் தலைவலியில் படுத்துவிடுகிறார்கள்.

பாம்பு, நாய் பயம் இல்லையா?

பாம்பு உண்டு. குளிர்காலக் காலையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வெயில் காய வரும். கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள், அதுவே ஒதுங்கிவிடும். புதருக்குள் கையோ காலோ விடாதீர்கள். கடித்தே விட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை அசையாமல் வைத்து, 108க்குப் போன் செய்ய வேண்டும். விஷமுறிவு மருந்து பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும், நமக்கு அடுக்கம்பாறை இருக்கிறது.

நாய்க்குக் கழியே போதும். ஓங்க வேண்டாம், கையில் இருந்தாலே போதும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. மூன்று காரணம் சொல்கிறேன், மூன்றும் பெரிய காரணம்.

மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் அளவு என்று நினைத்து இறங்கினால் ஆள் மூழ்கும். ஒரு முறை ஓரமாகத் தேங்கி நின்ற தண்ணீரில் கால் நனைக்கலாம் என்று போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஓடி வந்து, "ஆயா, அந்தாண்ட போவாதீங்க, பள்ளம் கீது" என்று கத்தினான். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக் காட்டினான். அந்தச் சத்தம் ஆழத்துக்குப் போய் அடங்கியது. அவனுக்குப் பத்து வயது இருக்கும்.

அடுத்தது, மேலே வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவு எத்தனையோ வருடமாக இந்த ஆற்றில் கலந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவர்களே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. ஆனாலும் தண்ணீரை வாயில் வைக்கும் நிலை இல்லை. நாங்கள் தோண்டிய ஊற்றையும் பார்த்தோமே தவிர, குடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வெள்ளம். இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே பெய்த மழை வந்து சேரும். 1903 நவம்பரில் கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துப்போட்டது. 2021 நவம்பரில் நாங்களே பார்த்தோம். இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் தாங்கவில்லை. எச்சரிக்கை வந்தால் நடையைத் தள்ளிப் போடுங்கள். ஆறு எங்கேயும் போய்விடாது.

என்ன பறவைகள் பார்க்கலாம்?

கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, கரிச்சான், பனங்காடை, மயில். பனைமரம் இருக்கும் இடமெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும்.

எனக்குப் பிடித்தது ஆள்காட்டிக் குருவி. மாசிக் கடைசியில் போனபோது ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அப்படிக் கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் நின்று தரையைப் பார்த்தேன். கூழாங்கல் நடுவே சின்னக் குழி, அதில் நாலு முட்டை, நுனி உள்பக்கம் பார்த்து ஒட்டி இருந்தன. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லோடு கல்லாக மறைந்துபோகும். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்து, சுற்றிப் போனோம். அது கத்துவதை நிறுத்தியதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வழியில் சுடுகாடு வருமே?

வரும். ஆற்றங்கரை ஊர்களில் அதுதானே வழக்கம். காரியம் நடந்துகொண்டிருந்தால் தள்ளி நின்று, முடிந்த பிறகு கடந்து போங்கள். சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை வரும் நாளில் பாலாற்றில் கூட்டம் அலைமோதும். அது தனியாகப் பார்க்க வேண்டிய திருவிழா, நடைப்பயணத்தோடு சேர்க்க வேண்டாம்.

பள்ளிகொண்டா போன பிறகு?

உத்திர ரங்கநாதர் கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். காஞ்சியில் பிரம்மா செய்த யாகத்தைக் கெடுக்க சரஸ்வதி ஆறாகப் பெருக்கெடுத்து வந்தாள், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தார், முதலில் படுத்த இடம் பள்ளிகொண்டா, அடுத்தது காவேரிப்பாக்கம் பக்கம் திருப்பாற்கடல், கடைசியாகக் காஞ்சியில் திருவெஃகா என்று சொல்வார்கள். நாலு மணி நேரம் அந்த ஆற்றோடு நடந்து வந்து, அதைத் தடுத்துப் படுத்தவரைப் பார்க்கும்போது ஏதோ தெரிந்தவரைப் பார்ப்பது போல் இருக்கும். வெளியே நிழலில் கட்டுசோற்றைப் பிரித்து, கால் நீட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறலாம்.

செலவு எவ்வளவு?

பஸ் டிக்கெட், பூ, தேங்காய், டீ. அவ்வளவுதான். சாதாரண டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட்டும் இல்லை.

பாதியில் முடியவில்லை என்றால்?

திரும்பிவிடுங்கள். தெற்கே பார்த்து எந்த வண்டித்தடத்தில் நடந்தாலும் நெடுஞ்சாலை வந்துவிடும். கிளம்பும்போதே பிள்ளைகளுக்கு வழியைச் சொல்லி, ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எங்கள் மகள் பெங்களூரில் இருந்து "எங்க இருக்கீங்க?" என்று கேட்பாள். "உங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வர ஆத்துலதான் இருக்கோம்" என்பார் அவர்.

அடுத்து எங்கே போவதாக இருக்கிறீர்கள்?

கிழக்கே. வாலாஜாப்பேட்டை பக்கம் 1850களில் கட்டிய பாலாறு அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்துதான் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அந்த ஏரி பல்லவர் காலத்தது. அணைக்கட்டில் இருந்து கால்வாய்க் கரையோடு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். மார்கழி பிறந்ததும் போக வேண்டும். அவருக்குப் புது ஷூ வாங்க வேண்டும், பழையது அடி தேய்ந்துவிட்டது.